செஞ்சு காட்டுங்க

‘தெரியுங்க’ என்று அவரிடம் சொல்லிவிட்டு அந்த நாற்காலியிலிருந்து சும்மா எழுந்து போனவர்கள் யாரும் இல்லை. தாராபுரத்துப் பண்ணையக்காரர் ஆனாலும் சரி, போன மாதம் தாலி கட்டிக்கொண்ட பெண் ஆனாலும் சரி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அவர் சொல்வது ஒன்றுதான்: “செஞ்சு காட்டுங்க.” குரல் உயராது. மரியாதையிலும் குறை இருக்காது. ஆனால் செய்து காட்டாமல் யாரும் தப்பிக்க முடியாது.

கணபதி என்கிற பகுதியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்ன நெஞ்சக ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. டாக்டர் அறையை ஒட்டிய அறை அவருடையது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் இன்ஹேலரை வாயில் வைத்து எப்படி இழுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும், சொன்னபடி செய்கிறார்களா என்று பரீட்சை வைப்பதும் அவர் வேலை. அந்த இன்ஹேலருக்கு எங்கள் ஊரில் பம்பு என்று பேர். தெருவுக்குத் தெரு மோட்டார் பம்பு செய்கிற ஊரில் வேறு என்ன பேர் வைப்பார்கள்? நானும் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைக்காரன்தான். பம்பு அழுத்தச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஓர் ஆள், அவருக்குத் தனியாக ஓர் அறை, மேலே ஒரு மின்விசிறி என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பல் விளக்கக் கற்றுக்கொடுக்க வாத்தியார் வைத்ததுபோல இருந்தது.

அவர் பேர் எனக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே கிடக்கும். எல்லோருக்கும் அவர் சிஸ்டர், என் அப்பாவுக்கு மட்டும் அம்மணி. ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உருவம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நம் கையையும் உதட்டையும் தொண்டைக்குழியையும் பார்ப்பார். முதல் தடவை அவர் எதிரில் உட்கார்ந்தபோது என் சட்டையில் எண்ணெய்க் கறை ஏதும் இருக்கிறதோ என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் அங்கே போயிருந்தேன். அப்பா பஞ்சு மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற இடம் அது. வெளியே வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். மில் தந்த தூசி பாதி, பீடி தந்த புகை பாதி, நெஞ்சு கெட்டுப்போயிற்று. மூலை டீக்கடைக்குப் போய்வரவே நடுவில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய நிலை. நிற்பது தெரியக்கூடாது என்று, அதில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் படிப்பதுபோல பாவனை செய்வார்.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. மில்லில் கூட வேலை பார்த்த ஒருவர் கடைசிக் காலத்தில் வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு கிடந்தார். மூக்கில் குழாயோடே போயும் சேர்ந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. “கன்னுக்குட்டிய மொளக்குச்சியில கட்டுன மாதிரி கட்டிப்போட்டிருக்கறாங்க கண்ணு. வாசலுக்கு வரோணும்னாலும் கவுறு எட்டலை. எனக்கு மட்டும் அது வேண்டாம்” என்றார். டாக்டர் முதன்முதலில் அந்த மெஷினைப் பற்றிப் பேச்செடுத்தபோது அப்பா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன்.

நல்லவேளையாக டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. “அதுக்கு முன்னாடி, குடுத்த மருந்து உள்ள போகுதான்னு பாத்துருவோம். பக்கத்து ரூமுக்குப் போய்ட்டு வாங்க” என்று அனுப்பினார். எல்லா நோயாளிக்கும் அவர் வைத்திருந்த சட்டம் அது. சிஸ்டர் பார்க்காமல் மருந்தைக் கூட்டமாட்டார்.

“தெரியுங்க அம்மணி. ஒரு வருசமாப் பண்றனுங்க” என்றார் அப்பா.

“அப்படீங்களா ஐயா. செஞ்சு காட்டுங்க.”

அப்பா மூடியைக் கழற்றினார். முதுகை நிமிர்த்தி, தலையை நன்றாக அண்ணாந்து, வாயைத் திறந்தார். செம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடிப்பதுபோலப் பம்பை உதட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். வாயை மூடி ஒரு மடக்கு விழுங்கினார். கோயிலில் தீர்த்தம் வாங்கியவர்போல உதட்டைத் துடைத்துக்கொண்டு சிஸ்டரைப் பார்த்தார்.

இது நான் வீட்டில் தினமும் பார்த்ததுதான். எங்கள் வீட்டில் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிற ஆள் கிடையாது. காபியானாலும் தூக்கித்தான் ஊற்றிக்கொள்வோம். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலையும் அண்ணாந்துதான் குடிப்போம். அப்பா பம்பையும் அப்படியே குடித்ததில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சிஸ்டர் சிரிக்கவில்லை. “மருந்து நாக்குலயும் தொண்டையிலயும் உழுந்து வயித்துக்குப் போயிருதுங்க ஐயா. அது நெஞ்சுக்குப் போகோணும். வாய் வெக்கோணுங்க. உதட்டால நல்லாக் கவ்விப் புடிச்சு, அமுத்தறப்பவே மெல்ல இழுக்கோணும்” என்றார்.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. “வாய் வெச்சுக் குடிக்கற பழக்கமில்லீங்க அம்மணி. எச்சலாயிருமுங்க.”

“உங்க பம்புதானுங்க. உங்க எச்சல்தானுங்க.”

“இருந்தாலுமுங்க.”

எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வாயில் அந்த ‘இருந்தாலுமுங்க’ வந்துவிட்டால் அப்புறம் மாடு கட்டி இழுத்தாலும் நகராது. எனக்குப் பட்டறை ஞாபகம். மூன்றாவது முறையாகப் போன் அடித்துக்கொண்டிருந்தது. “ஏம்ப்பா, அவுங்க சொன்னாக் கேக்கமாட்டீங்களா?” என்று எரிந்து விழுந்தேன். சிஸ்டர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். “ஏனுங்க ஐயா, பீடி குடிச்சிருக்கறீங்களா?”

அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “மில்லுல… முந்தி… அப்ப எல்லாருக்கும் இருந்த பழக்கமுங்க.”

“அதையும் அண்ணாந்துதானுங்களா குடிச்சீங்க?”

அப்பா சிஸ்டரையே பார்த்தார். பிறகு அப்பாவின் வயிறு குலுங்கியது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாயிற்று. சிஸ்டர் முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அதை அப்பா அண்ணாந்தே குடித்தார். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“பீடியக் கவ்வுன மாதிரிக் கவ்வுங்க. அது கெடுத்துதுல்லீங்க, இது கொஞ்சம் சரி பண்ணட்டும்” என்றார்.

மேஜைமேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தார். நோயாளி அதைப் பார்த்துக்கொண்டேதான் இழுக்கவேண்டும். உதட்டோரத்திலோ மூக்கிலோ வெள்ளையாகப் புகை கசிந்தால், “பாருங்க, நெஞ்சுக்குப் போகவேண்டியது ஊர் சுத்தப் போகுது” என்பார். இழுத்த பிறகு மூச்சை உள்ளேயே நிறுத்திவைக்கவேண்டும் அல்லவா, அதற்கு ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார். எண்ணினால் ஆட்கள் அவசரப்படுகிறார்களாம். பஸ் ரூட்டைச் சொல்வார். தாராபுரத்துக்காரர் வந்தால், சிங்காநல்லூர், சூலூர், பல்லடம், குண்டடம் என்று ஆற அமரச் சொல்லிக்கொண்டே போவார். தாராபுரம் வந்த பிறகுதான் மூச்சை விடலாம். அப்பாவுக்குக் காந்திபுரத்தில் ஏற்றி அன்னூரில் இறக்குகிற ரூட். முதல் நாள் அப்பா கணபதி தாண்டுவதற்குள் மூச்சை விட்டுவிட்டார். “அதுக்குள்ள ஊடு வந்துருச்சுங்களா ஐயா? டிக்கெட்டு அன்னூருக்கு எடுத்திருக்குதுங்க. மறுபடி” என்றார்.

மறுபடி என்ற சொல்லை அவர் சொல்கிறவிதத்தில் சலிப்பே இருக்காது. பட்டறையில் ஒரு பையன் ஒரே தப்பை இரண்டாம் தடவை செய்தாலே எனக்குத் தலைக்கேறிவிடும். இவர் மதியம் வரை அதே சொல்லை அதே குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அப்பாவுக்குப் போகப் போக மூச்சு நின்று நிதானமாக வந்தது. மின்கம்பத்தைப் பிடிப்பதை விட்டார். மெஷின் பேச்சும் நின்றது. ஆனாலும் ஒவ்வொரு முறை போகும்போதும் சிஸ்டர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். போன தடவைதானே காட்டினோம் என்று ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

“போன தடவை சரியாத்தானுங்க பண்ணுனாரு. இந்த ரூம்ல பண்ணுனாரு. ஊட்டுக்குப் போனா கை தன் வழிக்குப் போயிருமுங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நம்மூர்ல ‘சரிங்க’ன்னு சொன்னாப் புரிஞ்சுதுன்னு எடுத்துக்கக் கூடாதுங்க. பேச்சை முடிச்சுக்கலாம்னு அர்த்தம். எதிர்த்துச் சொன்னா மரியாதையில்லைன்னு எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போயிருவாங்க” என்றார். நான் “சரிங்க” என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

யாரையும் இப்படி நம்பாமல் இருப்பதற்குப் பின்னால் ஏதோ சோகக்கதை இருக்கும் என்று எனக்கு ஒரு யூகம். அம்மாவோ அக்காவோ தப்பாக மருந்து இழுத்துப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நானே மனதுக்குள் கதை கட்டிவைத்திருந்தேன். சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பாத்தாத் தெரியுது, கேட்டாத் தெரியறதில்லை” என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த அடுத்த ஆள் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். கேப்ஸ்யூலை உடைத்து உள்ளே இருக்கிற பொடியை இழுக்கிற மருந்து அவருக்கு. காட்டச் சொன்னபோது, மோர் கிடைக்குமா என்று கேட்டார். அத்தனை நாளும் கேப்ஸ்யூலை அப்படியே மோரில் விழுங்கியிருக்கிறார். “வயிறு நல்லா இருக்குதுங்க சிஸ்டர். நெஞ்சுதான் அப்படியே கெடக்குது” என்றாராம். சிஸ்டர் முகம் மாறாமல் அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டு, கதவு சாத்தியதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அடுத்தமுறை போனபோது இதை அப்பாவிடம் அவரே சொன்னார். சொல்லும்போதும் சிரிப்பு தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெளியே அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். என் கூட்டாளி வீட்டுக் கல்யாணம், மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் பட்டுப்புடவையில் சிஸ்டர், பக்கத்தில் அவருடைய அத்தை போலிருந்த ஒரு பெரியம்மா. ரசம் வந்துகொண்டிருந்தது. படியேறி வந்த ஒரு பெரியவர் வாசலோரம் நின்று, யாரோடோ பேசிக்கொண்டே பையிலிருந்து பம்பை எடுத்து, திறந்த வாய்க்குள் விசுக் விசுக் என்று அடித்துக்கொண்டார். சிஸ்டர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்து இலைக்காரருக்கு அவமரியாதை. பெரியம்மா அவர் முந்தானையைப் பிடித்து, “உக்காரு. எலையில சோறு கெடக்குது. நாலு பேரு என்ன நெனைப்பாங்க?” என்றார். அவர் எழுந்தேவிட்டார். வலது கையெல்லாம் சாம்பார் சோறு. “எடது கையில காட்டறனுங்க, மன்னிச்சுக்குங்க” என்று அந்தப் பெரியவரிடம் இடது கையால் பம்பைப் பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தார். “நீங்க யாருங்க?” என்று அவர் கோபமாகக் கேட்டார். “அதைப் பொறகு சொல்றனுங்க. நீங்க மெல்ல இழுத்துக் காட்டுங்க.” திரும்பி வந்தபோது அவர் இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். பெரியம்மா பேசவில்லை. இவர் மோர் மட்டும் வாங்கி நின்றபடியே குடித்தார்.

இவரோடு குடித்தனம் நடத்துகிற மனுசன் பாவம் என்று அன்றைக்கு நினைத்தேன். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பிறகு அறையில் பார்த்தபோது கேட்டேன். “பாதி மருந்தைக் காத்துல உட்டுட்டு நிக்கறாருங்க. அதைப் பாத்துட்டு ரசத்தை எப்படீங்க ஊத்திக்கறது?” என்றார். அப்பா, “அதானே?” என்றார். அந்தக் கட்சியில் அப்பா எப்போதோ சேர்ந்துவிட்டிருந்தார்.

சேர்ந்தது மட்டுமல்ல, பதவியும் கிடைத்திருந்தது. கூட்டமான நாட்களில் வெளியே காத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும்படி சிஸ்டரே அவரிடம் சொல்லியிருந்தார். மருந்தில்லாத பழக்கப் பம்பு ஒன்றைக் கையில் கொடுத்துவைத்திருந்தார். அப்பா கறாரான பரீட்சைக்காரர். “குலுக்குனீங்களா? இல்லீங்க, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். மறுபடி” என்று மில் மேஸ்திரிகளையே மிரட்டுவார். ஆளின் உதட்டைப் பார்த்தே எங்கே தப்பு என்று சொல்கிற அளவுக்கு அவருக்குக் கண் பழகிவிட்டது.

அவருக்கே அவ்வப்போது மூச்சு மோசமாகும். பயந்துகொண்டு கூட்டிப்போவேன். சிஸ்டர் பார்ப்பார். ஒருமுறை அழுத்திய பிறகு தாமதமாக இழுத்தார். ஒருமுறை பல் செட்டு மாற்றியதில் உதடு சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் கசிந்தது. இன்னொரு முறை பம்பின் வாயில் மருந்து படிந்து அடைத்திருந்தது. கண்டுபிடித்துச் சரிசெய்வார், சில நாளில் மூச்சு திரும்பிவிடும். அதனால் மூச்சு வாங்கினாலே அப்பா கலங்குவதில்லை. “எங்கியோ ஒரு தப்புப் பண்றேன் கண்ணு. அம்மணிகிட்டப் போனாச் சொல்லிப்போடுவாங்க” என்று தானே கிளம்பிவிடுவார். எனக்கும் அந்தத் தைரியம் ஒட்டிக்கொண்டது.

இப்படியே சில வருடங்கள் ஓடிய பிறகு, ஒரு வருடம் ஆடிக்காற்று ஆரம்பித்ததிலிருந்தே அப்பாவுக்கு மூச்சு கூடிவரவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் நின்றார். சட்டைப் பித்தான் போடுவதற்கே இடைவெளி தேவைப்பட்டது. டாக்டர் சோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு என்னிடம் தனியாக, வீட்டுக்கு மெஷின் வைக்கவேண்டிவரும் போலிருக்கிறது என்றார். ஆனாலும் வழக்கப்படி, “சிஸ்டர் ஒருதடவை பாத்துரட்டும்” என்றார். டாக்டர் சொன்னதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டிருப்பார். ஆனாலும் நம்பிக்கையோடுதான் அந்த அறைக்குள் நுழைந்தார்.

“செஞ்சு காட்டுங்க ஐயா.”

அப்பா குலுக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். உதடு கவ்வியது, விரல் அழுத்தியது, மெல்ல இழுத்தார். கண்ணாடியில் ஒரு பொட்டுப் புகை இல்லை. நெஞ்சு அந்தப் பாடு படும்போதும், முடிந்தவரை மூச்சை நிறுத்திவைத்துத்தான் வெளியே விட்டார்.

“மறுபடிங்க” என்று பழக்கப் பம்பைக் கொடுத்தார் சிஸ்டர். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு உதட்டோரத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் பம்பை வாங்கி, பிரித்து, வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். ஒரு தூசி இல்லை. ஊட்டுல எங்க உக்காந்து பண்றீங்க, படுத்துட்டே பண்றீங்களா, அவசரத்துல மூடியோட அமுத்துனீங்களா, ஒரு வேளை உட்டுப்போச்சுங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பாவின் பதில் சரியாக இருந்தது. “மறுபடி ஒருக்கா” என்றார். எப்போதும் ஒரே குரலில் வருகிற அந்தச் சொல் அன்று கொஞ்சம் இழுபட்டது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு நன்றாகச் செய்கிற மனுசரை எதற்கு இப்படிப் படுத்துகிறார் என்று கோபம்தான் வந்தது. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. எத்தனையோ பேருக்கு உதட்டைப் பார்த்துத் தப்பைச் சொன்னவர் அல்லவா. பம்பை மேஜைமேல் வைத்துவிட்டு, மூச்சு கூடட்டும் என்று காத்திருந்தார்.

“அம்மணி.”

“சொல்லுங்க ஐயா.”

“தப்பு ஒண்ணும் சிக்கலீங்களா?”

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் முதன்முதலாக அப்பாவின் கண்ணைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். “சிக்கலீங்க ஐயா. எல்லாம் நல்லாத்தான் பண்றீங்க” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயால் யாரையும் ‘நல்லா’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாவுச் செய்தி சொல்கிறவர்போல அதைச் சொன்னார்.

அப்பா தன் கையைப் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். “அப்ப அந்த மெஷினை எழுதச் சொல்லுங்க டாக்டரை. நீங்க… மொகத்தை அப்படி வெச்சுக்காதீங்க அம்மணி. நீங்க பாக்கறதைப் பாத்துட்டீங்க.” சிஸ்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்பாவை எழுப்பி, கையைப் பிடித்து, வழக்கமாகக் கதவோடு நின்றுவிடுகிறவர் வாசல் வரைக்கும் வந்தார். கார் கதவைத் திறந்து உட்காரவைத்தார். அப்போதும் அவர் கண் அப்பாவின் நெஞ்சிலேயே இருந்தது.

சத்தி ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் நெரிசல். மெஷினை எந்த அறையில் வைப்பது, குழாய் வாசல் வரைக்கும் எட்டுமா என்று நான் ஏதேதோ யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அதைத்தான் நினைக்கிறார் என்று நினைத்தேன். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பேசினார்.

“பாவங் கண்ணு அந்த அம்மணி. நான் ஒரு தப்பாச்சும் பண்ணியிருக்கலாம்.”